பாவைத் தளர்த்தி வைத்த இரவுகள்

என் கடைசித் தம்பியின் மகள் கூடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். தலைமாட்டில் இருந்த கைப்பேசியில் ஒரு பெண்குரல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. வலது கையை இறுக மூடச் சொன்னது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கச் சொன்னது. பிறகு விட்டுவிடச் சொன்னது. அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. அடுத்து முழங்கை, தோள், நெற்றி, தாடை என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வாரம் செமஸ்டர். போன செமஸ்டரின் அரியர் பேப்பரும் அதோடு சேர்ந்திருக்கிறது.

“எங்க காலேஜ் கவுன்சிலர் மேடம் கத்துக்கொடுத்தாங்க, பெரியப்பா. டென்ஷன் குறையுமாம்,” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

‘விட்டுவிடுங்கள்’ என்று அந்தக் குரல் சொன்ன ஒவ்வொரு முறையும், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் ராத்திரி தறியை விட்டு எழும் அப்பாதான் என் கண்முன் வந்தார்.

அன்றைய கடைசி ஊடையை, அதாவது குறுக்கிழையை, போட்டு முடித்ததும் அப்பா நேராக எழுந்துவிட மாட்டார். நீளவாக்கு இழைகளான பாவை இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவார். பகலெல்லாம் விறைத்து நின்ற பட்டு இழைகள் லேசாகத் தொய்ந்து கொடுக்கும். அவற்றின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்துவார். அதன் பிறகுதான் தறிக்குழியிலிருந்து காலை வெளியே எடுப்பார். காலையில் தறியில் இறங்கியதும் முதல் வேலை அந்தக் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுவது. தினமும் அவிழ்ப்பதும் கட்டுவதும் எதற்கு என்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். “ராவெல்லாம் இழுத்துக் கட்டியே வெச்சா இழை செத்துப்போயிடும்டா. மனுஷன் நரம்பும் அதேதான்,” என்றார்.

அந்தக் காலத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை என்றாலே கஞ்சி வாசனைதான். வெயில் ஏறுவதற்கு முன் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, அரிசிக் கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். நாலு வீட்டு ஆட்கள் கூடினால்தான் அந்த வேலை நடக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார்கள். காஞ்சிபுரம் பட்டு 2005-ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடு பெற்று, ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்துவிட்டது. தெருவில் விரித்த பாவு மட்டும் அபூர்வமாகிவிட்டது. தறிக்காரர் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அதே நேரத்தில் தெருவின் அடுத்த முனையில் கல்லூரி பஸ்ஸுக்குப் பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் நிற்கிறார்கள்.

நான் காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் பி.காம். படித்தபோது, காலையும் மாலையும் அப்பாவுக்குக் கோர்வைக்கு உட்கார்ந்தவன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு, ஊடையை ஓட்டும் நாடா மூன்று வேண்டும். ஒரு பக்கக் கரையையும் உடலையும் நெசவாளர் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரைக்கான நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் போட வேண்டும். கரை ஊடையும் உடல் ஊடையும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு பேருடைய கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் மற்றவரால் நெய்ய முடியாது.

பரீட்சை நெருங்கினால் அது என் கையில் தெரியும். என்னையறியாமல் ஊடையை இழுத்து இழுத்துப் போடுவேன். கரை சுருங்க ஆரம்பிக்கும். அப்பாவுக்குக் கணக்குப்பதிவியலும் தெரியாது, வணிகச் சட்டமும் தெரியாது. ஆனால் கரையைப் பார்த்தே என் மனசு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். “கரை இழுக்குது பாரு. தறியில உக்காந்துகிட்டுப் பரீட்சை எழுதாதே. எழுந்து ஒரு நடை நடந்துட்டு வா,” என்பார். நான் எழுந்தால் அவரும் நெய்ய முடியாது. கூலி குறையும் என்று தெரிந்துதான் அனுப்பினார். ‘பயப்படாதே’ என்று வெறும் வாயால் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் கை வழியாகச் சொன்னதை ஆராய்ச்சி வழியாகக் கண்டவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் என்று, நான் விரிவுரையாளரான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹார்வர்டில் 1908-ஆம் ஆண்டு ஆய்வைத் தொடங்கி, சிகாகோவில் தொடர்ந்து, 1929-ஆம் ஆண்டு ‘புரோக்ரஸிவ் ரிலாக்சேஷன்’ என்ற நூலை வெளியிட்டார். கவலையில் இருக்கிறவரின் தசைகள் அவருக்கே தெரியாமல் இறுகிக்கிடக்கின்றன. தசையை முழுக்கத் தளர்த்தப் பழகிவிட்டால் கவலையின் பிடியும் தளரும் என்பது அவர் கண்டது. தன் தோள் இறுகியிருப்பதே தெரியாதவரால் அதை எப்படித் தளர்த்த முடியும்? அதனால்தான் இந்தப் பயிற்சியில் முதலில் வேண்டுமென்றே இறுக்கச் சொல்கிறார்கள். ஐந்து முதல் ஏழு வினாடி இறுக்கம், பிறகு அரை நிமிடம் போல விடுதல். ஜேக்கப்சனின் பழைய முறை மாதக்கணக்கில் நீண்டது. பின்னால் வந்த உளவியலாளர்கள் அதைச் சுருக்கினார்கள். 1973-ஆம் ஆண்டு வெளியான ஒரு கையேடு, உடம்பை 16 தசைத் தொகுதிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது. கைப்பேசியில் என் தம்பி மகள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வழியில் வந்ததுதான்.

அப்பா அனுப்பிய நடை பெரும்பாலும் கைலாசநாதர் கோயிலில் போய் நிற்கும். ஊரின் மேற்குக் கோடியில், எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. பெரிய கோயில்களின் நெரிசல் அங்கே கிடையாது. சுற்றுமதிலின் உட்புறம் வரிசையாக 58 சிற்றாலயங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத்தான் இருக்கும். பரீட்சைக் காலத்தில் அவற்றின் முன்னால் ஆளுக்கொரு நிழலைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பாடம் முடிந்தால் எழுந்து மதிலோரமாக ஒரு சுற்று. மணற்கல் சிற்பங்களில் ஒன்றின்மேல் கண்ணை வைத்து, சிங்கத்தின் பிடரியை, சோமாஸ்கந்தர் சிற்பத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கும் விதத்தை, பழைய வண்ணப்பூச்சு எங்கே மிச்சமிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு நடப்போம். அந்தச் சுற்று முடிவதற்குள் தோள் தானாக இறங்கியிருக்கும். கண்ணுக்கு முன் இருப்பதை மட்டும் நிதானமாகப் பார்ப்பது மனசுக்கு மருந்து என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். எங்களுக்கு அதைப் பல்லவர் கல் பழக்கியது.

கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதையும் உண்டு. தவழ்ந்து உள்ளே நுழைந்து, சுற்றி வந்து, மறுபடி தவழ்ந்து வெளியேற வேண்டும். அதில் போய்வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. எங்கள் வகுப்பில் ஒருவன் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னாலும் அதில் தவழ்ந்து வருவான். உடம்பை முழுக்க ஒடுக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் நிமிரும்போது, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு வருகிறது என்பான். நானும் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை.

மூச்சைப் பற்றி எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஓதுவார். சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவர். ஒருநாள் ராத்திரி என் நண்பனும் நானும் திண்ணையில் படித்துக்கொண்டிருந்தோம். அவனுக்குப் புள்ளியியல் ஒன்று போய்விட்டிருந்தது. செப்டம்பரில் மறுபடி எழுத வேண்டும். திடீரென்று அவன் புத்தகத்தை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். வியர்த்துக் கொட்டியது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. “மூச்சு வரலைடா,” என்றான். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஓதுவார் வந்துவிட்டார். அவனைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்.

“மூச்சை இழுக்காதே தம்பி. முதல்ல உள்ளே இருக்கறதை விடு. நீளமா விடு. இழுக்கறது தானா நடக்கும்.”

அவனால் விடவும் முடியவில்லை. அவர் தாமே மெல்லிய குரலில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். கூடவே பாடச் சொன்னார். பாட்டுத் தெரியாதவன், வெறும் ‘ஓ’ என்று இழுத்தான். முதலில் துண்டு துண்டாக வந்தது. பிறகு நீண்டது. காப்பி ஆறுகிற நேரத்துக்குள் அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஒரு பதிகத்தைப் பாடி முடிக்கிறவனுக்குப் பயம் தங்காது, ஏனென்றால் பாட்டே அவன் மூச்சை நீட்டிவிடுகிறது என்று ஓதுவார் அன்றைக்குச் சொன்னார். மறுநாள் காலை இன்னொன்றும் சொன்னார். திருமூலர் மூச்சுக்குக் கணக்கு வகுத்திருக்கிறார்: இழுப்பதற்கு 16 மாத்திரை, நிறுத்துவதற்கு 64, விடுவதற்கு 32. நிறுத்துவது குருவோடு இருந்து பழக வேண்டிய சமாச்சாரம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலும் கடைசியும் போதும், இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விட்டால் சரி என்றார்.

அவர் சொன்னதன் உடலியல் விளக்கம் இன்றைக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, விடும்போது சற்று மெதுவாகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது இதயத்தை நிதானப்படுத்துகிறது. வெளிமூச்சை நீட்டினால் அந்த நிதானமும் நீள்கிறது. மனதில் நாலு வரை எண்ணிக்கொண்டு மூக்கால் இழுத்து, எட்டு வரை எண்ணிக்கொண்டு விடுவது, தேர்வு அறை வாசலில் நின்றுகொண்டே யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடியது. மயக்கம் போல வந்தால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை நிறுத்தும் பயிற்சிகளைத் தாமாகத் தொடக்கூடாது.

அந்த நண்பனும் நானும் செப்டம்பர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம்தான் 1979. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர், வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய வருஷம். ஊரே சின்னக் காஞ்சிபுரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது. தரிசனம் முடிந்து அப்பா மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியோடு திரும்பி வந்தார். நாங்கள் இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு விளக்கடியில் உட்கார்ந்திருந்தோம். “பெருமாளே நாப்பது வருஷம் தண்ணிக்கடியில படுத்துக் கிடந்துட்டுத்தான் எழுந்து வந்திருக்கார். நீங்க ஒரு ராத்திரி படுத்தா உலகம் கவுந்துடாது. சாப்பிட்டுத் தூங்குங்க,” என்றார். இட்லியைத் தின்றுவிட்டுத் தூங்கினோம். நண்பன் அந்தப் பரீட்சையில் தேறினான். 2019-இல் மறுபடி அத்திவரதர் 48 நாள் காட்சி கொடுத்தபோது, பேரனோடு வந்திருந்தான். அப்பா சொன்ன வார்த்தையைத்தான் முதலில் நினைவுபடுத்தினான்.

வீட்டில் ஓய்வுக்கென்று சில ஏற்பாடுகள் தாமாகவே இருந்தன. அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. ராத்திரி சாப்பிட்ட பிறகு தெருவே திண்ணைக்கு வந்துவிடும். பாட்டி நோட்டுப் புத்தகத்தில் ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டிருப்பாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டி, நடுவில் வருகிற நினைப்புகளோடு சண்டை போடாமல் அவற்றைப் போகவிட்டால், துடிப்பும் மூச்சும் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனும் குறைகின்றன என்று ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்டு மருத்துவர் 1975-ஆம் ஆண்டு நூலாக எழுதினார். பாட்டிக்குச் சாமி பெயர் அந்தச் சொல். சாமி வேண்டாம் என்கிற பிள்ளை ‘அமைதி’ என்றோ ‘ஒன்று’ என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்பதே பென்சனின் கருத்தும்.

இந்த வழிகளெல்லாம் எதுவரை உதவும் என்பதையும் அந்த நாட்களிலேயே பார்த்தேன். எங்களோடு படித்த இன்னொருவன், பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்தவன், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தான். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துப் போவான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை என்றான். அப்புறம் வருவதே நின்றுபோனது. வீட்டில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். டாக்டரிடம் போகலாம் என்று யாராவது வாயெடுத்தால், ‘கீழ்ப்பாக்கமா?’ என்ற ஒற்றை வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். 1794-ஆம் ஆண்டு தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனையின் இடப்பெயரைத் தமிழ்நாடே வசைச்சொல்லாக்கி வைத்திருந்த காலம் அது. கடைசியில் எங்கள் பேராசிரியர் ஒருவர் அவன் ஊருக்கே போய்த் தகப்பனாரிடம் பேசி, மருத்துவரிடம் அழைத்துப்போனார். மருந்தும் ஓய்வுமாக ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்து பட்டம் வாங்கினான். மூச்சுப் பயிற்சி அவனைக் காப்பாற்றியிருக்காது. காலத்தில் கிடைத்த சிகிச்சை காப்பாற்றியது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போனால், வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால், அது தளர்வுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளும் விஷயம் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதே ஆண்டு தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக ‘மனம்’ என்ற மனநல ஆதரவு மன்றங்களும் தொடங்கப்பட்டன. அந்த வகுப்புத் தோழன் காலத்தில் மறைத்ததை இன்றைக்குக் கல்லூரிக்குள் வாய்விட்டுப் பேச முடிகிறது என்பதை நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

நான் வேலைபார்த்த கல்லூரியில் தேர்வுக்கு முந்தைய வகுப்புகளில், பாடம் தொடங்குமுன் ஓதுவார் சொன்ன மூச்சைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்வேன். முதல் தடவை கடைசி பெஞ்சில் சிரிப்பு வரும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன், சிரிப்பும் வெளிமூச்சுதான். சில வாரம் போனால், நான் மறந்து பாடத்துக்குப் போனாலும், “சார், அது?” என்று கேட்பார்கள். வருஷங்கள் கழித்து வங்கியிலோ பஸ் நிலையத்திலோ பார்க்கிற பழைய மாணவர்கள், நான் நடத்திய காஸ்ட் அக்கவுண்டிங்கைப் பற்றிப் பேசுவதில்லை. இன்டர்வியூவுக்கு முன்னால் அந்த மூச்சை விட்டதாகத்தான் சொல்கிறார்கள். பிரசவ வலியில் அதைச் செய்ததாக ஒரு மாணவி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தபோது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“பரவாயில்ல பெரியப்பா. ஆனா தனியா செஞ்சா நடுவுல மார்க் ஞாபகம் வந்துடுது.”

“நாளைக்கு என்னையும் சேத்துக்கோ. எனக்கும் தோள் வலிக்குது,” என்றேன். மறுநாள் முதல் இரண்டு பாய். அதற்கடுத்த நாள் அவள் அம்மாவும் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து படுத்தாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் யாரும் கைப்பேசியை எடுப்பதில்லை என்று தம்பியிடமும் பேசி முடிவு செய்தோம். பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டு, பெரியவர்கள் விளக்கணைத்த அறையில் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தால் அவளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

இளைப்பாறுவதை நான் தனியாகக் கற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நெய்த அப்பா, எதிர்வீட்டு ஓதுவார், கிராமத்துக்கு நடந்துபோன பேராசிரியர் என்று ஒவ்வொருவரும் தங்கள் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எனக்கும் என் நண்பர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். இன்றைய பிள்ளைகளிடம் ‘டென்ஷன் ஆகாதே’ என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படி ஆகாமலிருப்பது என்று கூட உட்கார்ந்து காட்டுகிறவர்கள் குறைவு. தேர்வுக்கு முந்தைய நாள் கவுன்சிலரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைப்பதால் உடம்பு பழகிவிடாது. முதலாண்டின் முதல் மாதத்திலிருந்தே வாரத்தில் ஒரு வகுப்பை இதற்கென்று கால அட்டவணையில் ஒதுக்க வேண்டும். ஆசிரியர்களும் அந்த வகுப்பில் தரையில் உட்கார வேண்டும். வீட்டில் நாம் மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், சரியாகத் தூங்கினாயா என்று கேட்க வேண்டும். பதில் ‘இல்லை’ என்று வந்தால், அன்றைக்கு நம் வேலையை ஒத்திவைத்துவிட்டு அந்தப் பிள்ளையோடு ஒரு நடை போக வேண்டும்.